கண்புரை ஆபரேஷன்: லேசர் கட்டாயமா? டாக்டரிடம் சொல்லாமல் விடக்கூடாத மாத்திரைகள் எவை?

"அப்பாவுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை விழுந்திருக்கு. சாதாரணமாவும் பண்ணலாம், லேசர்லயும் பண்ணலாம். லேசர்னா செலவு கொஞ்சம் கூட ஆகும்..." கண் மருத்துவமனைகளின் ஆலோசனை அறையில் இந்தப் பேச்சைக் கேட்காமல் வரும் குடும்பங்கள் குறைவு. சில நிமிடங்களில் பதில் சொல்ல வேண்டும். பணத்தைப் பார்த்து கண் விஷயத்தில் தப்பு பண்ணிவிடுவோமோ என்ற பயம் ஒரு பக்கம், கடன் வாங்கியாவது லேசர் பண்ணிவிடலாமா என்ற யோசனை இன்னொரு பக்கம்.

உண்மையில் லேசர் எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை? அதைவிட முக்கியமாக, ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் மருந்து விஷயத்தில் எங்கே கவனமாக இருக்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

கண்புரை என்பது என்ன?

கருவிழியின் நடுவே கறுப்பாகத் தெரியும் வட்டம்தான் கண்மணி. அதற்குப் பின்னால், ஒரு மெல்லிய உறைக்குள், இயற்கையான லென்ஸ் இருக்கிறது. வயது ஏற ஏற இந்த லென்ஸில் உள்ள புரதங்கள் மாறி, தெளிவு குறைந்து, மங்கலாகிவிடும். இதுதான் கண்புரை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், நீண்ட காலம் ஸ்டீராய்டு மருந்து எடுப்பவர்களுக்கும் இது சீக்கிரமே வரலாம்.

சொட்டு மருந்து போட்டோ, கண்ணாடியை மாற்றியோ புரையைக் கரைக்க முடியாது. மங்கிய லென்ஸை எடுத்துவிட்டு செயற்கை லென்ஸ் வைப்பது ஒன்றுதான் வழி. "புரை நல்லா முத்தட்டும், அப்புறம் பண்ணிக்கலாம்" என்று பெரியவர்கள் சொல்வது பழைய கால முறைக்குப் பொருந்தும். இன்று அதற்கு அவசியமில்லை. அன்றாட வேலைக்குப் பார்வை இடைஞ்சலாக இருக்கிறது என்றால், அதுவே சரியான நேரம். ரொம்பவும் முத்திவிட்டால் லென்ஸ் கல் போல இறுகி, ஆபரேஷன்தான் கடினமாகும்.

எல்லாமே லேசர் இல்லை!

"எங்க சித்திக்கு லேசர்லதான் பண்ணாங்க, தையலே போடல" என்று சொல்பவர்களில் பலருக்கு நடந்தது லேசர் ஆபரேஷன் அல்ல. இங்கே மூன்று விஷயங்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன.

முதலாவது, ஃபேக்கோ. கருவிழியின் ஓரத்தில் 2 முதல் 3 மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் திறந்து, பேனா போன்ற கருவியை உள்ளே செலுத்தி, புரையைத் தூளாக்கி உறிஞ்சி எடுப்பார்கள். இதில் வேலை செய்வது அல்ட்ராசவுண்ட் அதிர்வு. லேசர் கிடையாது. அமெரிக்க கண் மருத்துவர் சார்லஸ் கெல்மன் 1967-ல் இந்த முறையைக் கொண்டுவந்தார். பல் மருத்துவர்கள் பல்லைச் சுத்தம் செய்யும் அல்ட்ராசவுண்ட் கருவியைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனையே வந்தது. தையல் போடாமல் முடிப்பது இந்த முறையிலேயே சாத்தியம்.

இரண்டாவது, ஃபெம்டோசெகண்ட் லேசர். கூடுதல் கட்டணம் கேட்கப்படும் 'லேசர் கண்புரை ஆபரேஷன்' இதுதான்.

மூன்றாவது, யாக் லேசர். ஆபரேஷன் முடிந்து சில மாதங்களிலோ வருடங்களிலோ சிலருக்கு மறுபடி பார்வை மங்கும். "புரை திரும்ப வந்துடுச்சு" என்பார்கள். புரை திரும்ப வராது. செயற்கை லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் உறை மங்கலாகியிருக்கும், அவ்வளவுதான். வெளிநோயாளிப் பிரிவிலேயே சில நிமிடங்களில், கத்தி படாமல், யாக் லேசரால் அந்த உறையில் சின்னத் திறப்பு ஏற்படுத்தினால் பார்வை தெளிந்துவிடும்.

சரி, ஃபெம்டோ லேசர் என்னதான் செய்கிறது?

ஒரு நொடியை ஆயிரம் லட்சம் கோடியாகப் பிரித்தால் வருவது ஒரு ஃபெம்டோசெகண்ட். அவ்வளவு குறுகிய நேரத்துக்கு ஒளியைப் பாய்ச்சினால், சுற்றியிருக்கும் திசுவைச் சூடாக்காமல் குறிப்பிட்ட இடத்தை மட்டும் வெட்ட முடியும். இப்படி மிகக் குறுகிய, வலிமையான லேசர் துடிப்புகளை உருவாக்கும் வழியைக் கண்டறிந்த ஜெரார் மூரு, டோனா ஸ்ட்ரிக்லேண்ட் இருவரும் 2018-ல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். கண்புரைக்கு இதை மனிதர்களிடம் முதலில் பயன்படுத்தியவர் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரைச் சேர்ந்த மருத்துவர் ஸோல்டான் நாஜ். ஆண்டு 2008.

லேசர் கருவி முதலில் கண்ணை ஸ்கேன் செய்து, கருவிழியின் தடிமன், லென்ஸின் ஆழம் ஆகியவற்றை அளந்து ஒரு வரைபடம் தயாரிக்கும். அந்த வரைபடத்தை வைத்து நான்கு வேலைகளைச் செய்யலாம்:

- கருவிழியின் ஓரத்தில் கருவிகள் நுழைவதற்கான வெட்டு
- லென்ஸ் உறையின் முன்பக்கத்தில் அளவெடுத்த வட்டத் திறப்பு
- இறுகிய புரையைத் துண்டுகளாகப் பிளப்பது
- தேவைப்பட்டால், சிலிண்டர் பவரைக் குறைக்க கருவிழியில் சிறு கீறல்கள்

இங்கே கவனிக்க வேண்டியது: லேசர் புரையை வெளியே எடுப்பதில்லை. துண்டாக்கப்பட்ட புரையை உறிஞ்சி எடுப்பதற்கு அதே ஃபேக்கோ கருவிதான் வர வேண்டும். செயற்கை லென்ஸை உள்ளே வைப்பதும் மருத்துவரின் கைதான். 'பட்டனைத் தட்டினால் கம்ப்யூட்டரே எல்லாம் செய்துவிடும்' என்ற எண்ணம் தவறு.

லேசரில் பண்ணால் பார்வை கூடுதலாகத் தெரியுமா?

இந்தக் கேள்விக்கு ஐரோப்பாவில் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகள் பதில் சொல்லியிருக்கின்றன. பிரான்சில் அரசுப் பல்கலைக்கழக மருத்துவமனைகளில் 909 நோயாளிகளை வைத்து நடந்த 'ஃபெம்கேட்' ஆய்வின் முடிவுகள் 2020-ல் 'லான்செட்' இதழில் வெளியாயின. லேசர் உதவியுடன் செய்த ஆபரேஷன், வழக்கமான ஃபேக்கோவைவிட மேலானது என்று நிரூபிக்கப்படவில்லை. கூடுதல் செலவுக்கு ஏற்ற பலனும் இல்லை என்றது அந்த ஆய்வு.

பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் 785 பேரிடம் நடந்த 'ஃபேக்ட்' ஆய்வும் ஏறத்தாழ இதையே சொன்னது. லேசர் முறை பாதுகாப்பானது, பார்வையிலும் குறைவில்லை. ஆனால் ஃபேக்கோவும் அதே அளவுக்கு நல்லது.

அதாவது லேசர் மோசமான முறை இல்லை. லேசர் பண்ணாவிட்டால் பார்வை குறையும் என்பதும் இல்லை.

யாருக்கு உதவலாம், யாருக்கு முடியாது?

புரை மிகவும் இறுகியிருக்கும்போது லேசர் முதலிலேயே அதைத் துண்டாக்கிவிடுவதால், கண்ணுக்குள் செலுத்தும் அல்ட்ராசவுண்ட் அளவு குறையும். கருவிழியின் உட்பக்க செல்கள் பலவீனமாக உள்ளவர்களுக்கு இதனால் பலன் இருக்கலாம் என்று கருதும் மருத்துவர்கள் உண்டு. சிலிண்டர் பவர் குறைவாக உள்ள சிலருக்கும் லேசர் கீறல் உதவும்.

ஆனால் எல்லோருக்கும் இதைச் செய்துவிட முடியாது. கருவிழியில் பழைய தழும்பு இருந்தால் லேசர் ஒளி சரியாக ஊடுருவாது. கண்மணி போதுமான அளவு விரியாவிட்டால் உள்ளே இருக்கும் லென்ஸை எட்ட முடியாது. கண் அழுத்த நோய்க்கு ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும், சில நிமிடங்கள் ஆடாமல் படுக்க முடியாதவர்களுக்கும் பெரும்பாலும் தவிர்ப்பார்கள். லேசரின்போது கண்ணை அசையாமல் பிடிக்க உறிஞ்சு வளையம் வைப்பதால், பிறகு வெள்ளை விழியில் ரத்தத் திட்டு தெரியலாம். பயப்பட வேண்டாம், சில நாட்களில் தானாக மறையும்.

'உங்கள் கண்ணுக்கேற்ற ஆபரேஷன்' என்றால் என்ன?

விளம்பரங்களில் லேசரையும் இந்த வாசகத்தையும் சேர்த்தே போடுகிறார்கள். ஆனால் ஒருவரின் கண்ணுக்கேற்றபடி ஆபரேஷன் அமைவது, முதலில் அளவெடுப்பதில்தான். கண்ணின் முன்பின் நீளம், கருவிழியின் வளைவு இரண்டையும் அளந்துதான் எந்த பவர் லென்ஸ் வைப்பது என்று கணக்கிடுவார்கள். நீளத்தை அளப்பதில் 1 மில்லிமீட்டர் பிசகினாலே, லென்ஸ் பவரில் ஏறத்தாழ 2.5 டயாப்டர் வித்தியாசம் வந்துவிடும். லேசரில் வெட்டினாலும் இந்தத் தவறு சரியாகாது.

அதனால் கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள், அளவெடுப்பதற்கு எத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று கேட்டு நிறுத்த வேண்டும். இளம் வயதில் கண்ணாடியைக் கழற்ற லேசிக் ஆபரேஷன் செய்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வழக்கமான கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது.

அடுத்தது லென்ஸ் தேர்வு. மோனோஃபோகல் லென்ஸில் தூரப் பார்வை தெளிவாக இருக்கும், படிக்கக் கண்ணாடி வேண்டும். டோரிக் லென்ஸ் சிலிண்டர் பவரையும் சரிசெய்யும். மல்டிஃபோகல், ட்ரைஃபோகல் லென்ஸ்களில் கண்ணாடித் தேவை குறையும், ஆனால் இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரியலாம். இரவில் வண்டி ஓட்டுபவருக்கும், நாள் முழுக்க தையல் மிஷினில் உட்காருபவருக்கும் ஒரே லென்ஸ் பொருந்தாது. விழித்திரையில் பாதிப்பு உள்ள சர்க்கரை நோயாளிகளுக்கு மல்டிஃபோகல் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. எனவே "எது விலை அதிகம்?" என்பதைவிட "எங்க அம்மாவோட வேலைக்கு எது ஒத்துவரும்?" என்பதே சரியான கேள்வி.

ஆபரேஷனுக்கு முன்: டாக்டரிடம் சொல்ல வேண்டிய மாத்திரைகள்

லேசரா, சாதாரணமா என்று யோசிக்கும் நேரத்தில் பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். "கண்ணுக்கும் யூரின் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்?" என்று நினைத்துச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். சம்பந்தம் இருக்கிறது.

புராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் என்ற மாத்திரை பரவலாகக் கொடுக்கப்படுகிறது. சிறுநீரகக் கல்லுக்காகப் பெண்களுக்கும் தருவதுண்டு. இது சிறுநீர்ப் பாதையின் தசையைத் தளர்த்துவது போலவே, கண்மணியை விரியச் செய்யும் தசையையும் தளர்த்திவிடுகிறது. ஆபரேஷன் நடக்கும்போது கண்மணி திடீரென்று சுருங்கும், அதைச் சுற்றியுள்ள படலம் துணி போலத் துவண்டு படபடக்கும். முன்கூட்டித் தெரியாவிட்டால் லென்ஸ் உறை கிழியும் ஆபத்து கூடும். 2005-ல் அமெரிக்க மருத்துவர்கள் டேவிட் சாங், ஜான் கேம்ப்பெல் இருவரும் இந்தப் பிரச்சினையை டாம்சுலோசினுடன் தொடர்புபடுத்தி வெளியிட்டனர். சிலோடோசின், அல்ஃபுசோசின், ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் பிராசோசின் ஆகியவையும் இதே வகை மருந்துகள்தான்.

மாத்திரையை நிறுத்திவிட்டுப் போனால் சரியாகிவிடுமா என்றால், ஆகாது. நிறுத்திப் பல மாதங்கள் ஆனவர்களுக்கும் இது நடக்கலாம். தானாக நிறுத்தினால் சிறுநீர் அடைப்பு வேறு வரலாம். சொன்னாலே போதும். மருத்துவர் கண்ணுக்குள் செலுத்தும் மருந்து, கண்மணியை விரித்துப் பிடிக்கும் வளையம் ஆகியவற்றோடு தயாராக இருப்பார். முன்பு எப்போதோ எடுத்திருந்தாலும் சொல்லுங்கள்.

சொல்ல வேண்டிய மற்றவை:

- ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகள். சொட்டு மருந்தால் மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஆபரேஷனுக்கு இவற்றைப் பெரும்பாலும் நிறுத்தச் சொல்வதில்லை. ஸ்டென்ட் வைத்தவர்கள் தாங்களாக நிறுத்தினால் இதயத்துக்கே ஆபத்து.
- சர்க்கரை மாத்திரை, இன்சுலின். அன்று காலை சாப்பிடலாமா, மருந்து எடுக்கலாமா என்பதை முன்கூட்டியே கேளுங்கள். வெறும் வயிற்றில் மருந்தை மட்டும் போட்டால் சர்க்கரை இறங்கிவிடும்.
- கண் அழுத்த நோய்க்கான சொட்டு மருந்துகள்.
- எந்த மருந்துக்காவது முன்பு அலர்ஜி வந்திருந்தால், அதன் பெயர்.

பெயர் நினைவில் இல்லையா? மாத்திரை அட்டைகளையும் பழைய சீட்டுகளையும் அப்படியே ஒரு பையில் போட்டு எடுத்துப்போனால் போதும். மெட்ராஸ் ஐ, கண் கட்டி, இமையில் சீழ் போன்றவை இருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். தேதியைத் தள்ளிவைப்பார்கள். கண்ணைக் காப்பாற்றத்தான் அது.

ஆபரேஷன் அன்று என்னென்ன மருந்து?

டிராபிகமைடு, ஃபினைலெஃப்ரின் போன்ற சொட்டு மருந்துகளைத் திரும்பத் திரும்ப விட்டு கண்மணியை விரிய வைப்பார்கள். கூடவே கீட்டோரோலாக், நெபாஃபினாக் போன்ற, ஸ்டீராய்டு இல்லாத வீக்கம் குறைக்கும் சொட்டு மருந்தும் உண்டு. லேசர் முறையில் இது மேலும் முக்கியம். லேசர் பட்டதும் கண்ணுக்குள் சுரக்கும் சில ரசாயனங்கள் கண்மணியைச் சுருங்க வைக்கும் என்பதால், அதை முன்பே தடுக்க வேண்டும்.

கிருமிகளை அழிக்க 5 சதவீத போவிடோன் அயோடின் கரைசலைக் கண்ணில் விடுவார்கள். வலி தெரியாமல் இருக்க சொட்டு மருந்தோ, கண்ணைச் சுற்றி ஓர் ஊசியோ போடுவார்கள். பெரும்பாலானவர்களுக்கு முழு மயக்கம் தேவையில்லை.

ஆபரேஷன் முடியும் தறுவாயில் கண்ணுக்குள்ளேயே செலுத்தப்படும் ஆன்டிபயாடிக் பற்றி மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை குழுமம் 2017-ல் வெளியிட்ட ஆய்வு உலக அளவில் பேசப்பட்டது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட கண்புரை ஆபரேஷன்களை அலசியது அந்த ஆய்வு. கண்ணுக்குள் மாக்ஸிஃப்ளாக்ஸசின் செலுத்தாதபோது 10,000 பேரில் சுமார் 7 பேருக்குக் கடுமையான உட்கண் தொற்று ஏற்பட்டது. செலுத்தியபோது அது சுமார் 2 ஆகக் குறைந்தது. பார்வையையே பறிக்கக்கூடிய தொற்றைத் தடுப்பதில், லேசர் மிஷினைவிட ஒரு சின்ன ஊசி மருந்து எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு இது சான்று.

வீட்டுக்கு வந்த பிறகு: சொட்டு மருந்தில் சறுக்கக் கூடாது

பொதுவாக இரண்டு அல்லது மூன்று வகை சொட்டு மருந்து தருவார்கள். ஆன்டிபயாடிக் சுமார் ஒரு வாரம். ஸ்டீராய்டு சொட்டு மருந்து படிப்படியாகக் குறைத்து 4 முதல் 6 வாரம் வரை. சர்க்கரை நோயாளிகளுக்கு விழித்திரையின் மையத்தில் நீர் கோத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம் என்பதால், ஸ்டீராய்டு இல்லாத வீக்கம் குறைக்கும் மருந்தைக் கூடுதல் நாட்களுக்கு எழுதலாம். நாட்களும் வேளைகளும் ஆளுக்கு ஆள் மாறும். பக்கத்து வீட்டுக்காரரின் சீட்டு உங்களுக்குப் பொருந்தாது.

விடும் முறை:

- கையை சோப்பு போட்டுக் கழுவிய பிறகே பாட்டிலைத் தொட வேண்டும்.
- பிரெட்னிசோலோன் அசிடேட் போன்று கலங்கலாக இருக்கும் மருந்தை நன்றாகக் குலுக்க வேண்டும்.
- கீழ் இமையை லேசாக இழுத்து ஒரு சொட்டு விட்டால் போதும். பாட்டில் நுனி கண்ணிலோ இமையிலோ படக் கூடாது.
- கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை ஒரு நிமிடம் மெதுவாக அழுத்தினால் மருந்து தொண்டைக்கு இறங்காது.
- அடுத்த மருந்துக்கு 5 நிமிட இடைவெளி வேண்டும்.

"கண்ணு நல்லாத்தான் தெரியுது, இனிமே எதுக்கு மருந்து?" என்று இரண்டாவது வாரத்திலேயே நிறுத்துபவர்கள் உண்டு. ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தினால் உள்ளே வீக்கம் திரும்பலாம். இதற்கு நேரெதிரான தவறும் நடக்கிறது. மிச்சமிருக்கும் பாட்டிலைப் பத்திரப்படுத்தி, பிறகு கண் சிவக்கும்போதெல்லாம் விட்டுக்கொள்வது. ஸ்டீராய்டு சொட்டு மருந்து சிலருக்குக் கண் அழுத்தத்தைச் சத்தமில்லாமல் ஏற்றிவிடும். அதனால் போகும் பார்வை திரும்ப வராது. காலம் முடிந்ததும் பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

தலைக்குக் குளிப்பது, கண்ணைக் கசக்குவது, கனமான பொருளைத் தூக்குவது ஆகியவற்றை மருத்துவர் சொல்லும் நாள் வரை தவிர்க்க வேண்டும். தூங்கும்போது பாதுகாப்பு மூடி போட வேண்டும். மீன், கத்தரிக்காய் கூடாது என்ற பத்தியமெல்லாம் தேவையில்லை. வழக்கமான உணவையே சாப்பிடலாம்.

உடனே ஓட வேண்டிய அறிகுறிகள்

முதல் சில நாட்களுக்கு லேசான உறுத்தல், கண்ணில் நீர் வடிதல், வெளிச்சத்தில் கூச்சம் இருப்பது சகஜம். ஒவ்வொரு நாளும் அது குறைய வேண்டும். குறையாமல் கூடினால் கவனிக்க வேண்டும்.

- நாளுக்கு நாள் கூடும் வலி, சிவப்பு
- முதலில் தெளிவாகத் தெரிந்த பார்வை திடீரென்று மங்குவது
- கண்ணில் சீழ், இமை வீக்கம்
- கண் முன்னே புதிதாகக் கறுப்புப் புள்ளிகள், மின்னல் வெட்டுவது போன்ற ஒளி, திரை விழுந்தது போன்ற நிழல்

இவற்றில் ஒன்று இருந்தாலும் "அடுத்த வாரம் செக்கப் இருக்கே, அப்போ சொல்லிக்கலாம்" என்று காத்திருக்கக் கூடாது. மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து வாங்கிவிடுவதும் கூடாது. உட்கண் தொற்றில் சில மணி நேரத் தாமதம்கூட பார்வையைத் தீர்மானித்துவிடும். வலி குறைவாக இருந்தாலும், இரவாக இருந்தாலும், ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கே போக வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன் என்ன கேட்க வேண்டும்?

- எங்களுக்கு லேசரைப் பரிந்துரைக்க, கண்ணில் குறிப்பான காரணம் ஏதாவது இருக்கிறதா?
- சொல்லும் தொகையில் லேசருக்கு எவ்வளவு, லென்ஸுக்கு எவ்வளவு?
- இந்த லென்ஸ் வைத்த பிறகு எதற்கெல்லாம் கண்ணாடி தேவைப்படும்?
- விழித்திரையைப் பரிசோதித்துவிட்டீர்களா?
- அவசரம் என்றால் இரவில் யாரை அழைப்பது?

மருத்துவக் காப்பீடு இருந்தால் முதலில் பாலிசியைப் பாருங்கள். பல பாலிசிகளில் கண்புரைக்குக் காத்திருப்புக் காலமும், ஒரு கண்ணுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பும் உண்டு. கையில் பணம் இல்லை என்பதற்காக ஆபரேஷனையே தள்ளிப்போட வேண்டியதில்லை. அரசு மருத்துவமனைகளிலும் தொண்டு நிறுவன முகாம்கள் வழியாகவும் லென்ஸுடன் சேர்த்து இலவசமாகவே கண்புரை ஆபரேஷன் செய்யப்படுகிறது.

வசதியும் மருத்துவக் காரணமும் இருந்தால் லேசரைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. இல்லாதவர்கள், பெற்றோருக்குக் குறை வைத்துவிட்டோம் என்று வருந்தத் தேவையில்லை. மாத்திரைகளின் முழுப் பட்டியலை டாக்டரிடம் கொடுப்பதற்கும், வேளை தவறாமல் சொட்டு மருந்து விடுவதற்கும், அபாய அறிகுறி தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போவதற்கும் கூடுதல் கட்டணம் கிடையாது. எந்த முறையில் ஆபரேஷன் நடந்தாலும், இந்த மூன்றையும் வீட்டில் இருப்பவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.